கட்டையும் கிறிக்கியும்: புரிசைக் கூத்து பாரிஸ் சென்ற வழி

பாரிஸின் விளிம்பிலுள்ள வென்சென் காட்டில், முன்பு தோட்டாத் தொழிற்சாலையாக இருந்த வளாகத்தில் 1970 முதல் இயங்கிவரும் 'தியேத்ர் து சொலெய்' நாடகக்குழு, 2016-இல் 'இந்தியாவில் ஓர் அறை' என்னும் நாடகத்தை அரங்கேற்றியது. அரியான் முனுஷ்கின் இயக்கிய அந்நாடகத்தில், திரௌபதி துகிலுரியப்படுவதையும் கர்ணனின் முடிவையும் பல நாட்டு நடிகர்கள் தெருக்கூத்தாகத் தமிழிலேயே பாடி ஆடினர். அவர்களுக்கு ஆசானாக இருந்தவர், செய்யாற்றுப் பகுதியிலுள்ள புரிசைக் கிராமத்தின் கண்ணப்ப சம்பந்தத் தம்பிரான். தலைமுறைகளாகக் கூத்தாடிவரும் தம்பிரான் குடும்பத்தின் கலை நாடகாசிரியர் ந. முத்துசாமி போன்றோரின் எழுத்தால் நகரத்து நாடகக்காரர்களின் கவனத்துக்கு வந்திருந்தமையால், இப்பரிமாற்றம் திடீரென நேர்ந்ததன்று.

இக்கலையை அறிய விரும்புவோர் மேடையை விட, வேடம் கட்டும் இடத்தையே முதலில் காண வேண்டும். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் முதலிய அணிகள் 'கட்டை' எனப்படும். கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கப்பட்டு, வண்ணத் தாளும் கண்ணாடிச் சில்லும் பதிக்கப்பட்ட இவற்றை அணியும் வேடமே கட்டை வேடம். சிறு கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டு தன் முகத்துக்குத் தானே அரிதாரம் பூசிய நடிகர், தோளில் துணியை மடித்து வைத்து அதன்மேல் கட்டையை இறுக்கக் கட்டிக்கொள்கிறார். கயிறு தளர்ந்தால் ஆட்டத்தின் நடுவே புஜக்கட்டை சரியும், அளவு மீறி இறுகினால் பாட மூச்சு வராது. இவ்வளவையும் சுமந்தபடி, தாளத்துக்குள் நின்று வேகமாகச் சுழலும் அடவே 'கிறிக்கி'. சுழலும்போது கழுத்து சாய்ந்தால் கிரீடம் சரியும் என்பதால், நிமிர்ந்து நிற்கும் பாங்கைக் கட்டையே ஆடுபவருக்குக் கற்பித்துவிடுகிறது.

அயல்நாட்டு நடிகர் இக்கலையைச் செய்முறைப் பட்டறையில் ஓரிரு அடவுகளாக மட்டும் கற்பாராயின், அவருக்குக் கிட்டுவது புறக்கோலமே. பொருள் அறிந்து வசனத்தை மனனம் செய்து, வேடத்தின் சுமையைத் தாங்கி, ஆசானின் திருத்தங்களை ஏற்று மீண்டும் மீண்டும் ஆடும்போதுதான் பரிமாற்றம் என்னும் சொல் பொருந்துகிறது. பாரிஸ் முயற்சியின் சிறப்பும் கூத்தை அலங்காரத் துண்டாக ஒட்டாமல் ஆசானிடம் பயின்று ஆடியதிலேயே உள்ளது.

ஆயினும் பரிமாற்றத்தின் பொருளியல் வேறு கதை. தமிழகத்தின் வட மாவட்டங்களில் கூத்துக் குழுவின் வருவாய் பெரும்பாலும் கோடைகாலத் திரௌபதி அம்மன் திருவிழாக்களையே நம்பியிருக்க, ஓர் இரவின் கூலியோ ஆடுபவர், பாடுபவர், ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை வாசிப்பவர் என அனைவருக்கும் பங்காகிறது. வெளிநாட்டு வாய்ப்பு தரகர் வழியே வரும்போது, அழைப்பவர் கொடுத்தது எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு என்பதை ஆடியவரே அறியாத நிலை நேர்கிறது. விடிய விடிய ஆடியவனின் வியர்வையில் தரகு எடுப்பது கலைத்தொண்டு ஆகாது. அழைக்கும் நிறுவனங்கள் ஒப்பந்தத்தைக் கலைஞருக்குத் தமிழிலேயே தந்து, ஊதியத்தை நேரடியாக அவரிடம் சேர்த்து, படைப்பில் ஆசானின் பெயரையும் முதன்மையாகக் குறிக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாத பரிமாற்றத்துக்குக் கூத்துக் குழுக்கள் இசையாதிருப்பதே நன்று.