வாப்பாவின் இங்கிலீஷ் பாட்டு

வாப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஜிம் ரீவ்ஸைத் தெரியும். ஏறாவூரில் அவருடைய தையல் கடையில் இலங்கை வானொலி எந்நேரமும் பாடிக்கொண்டிருக்கும். அதில் கேட்டுப் பிடித்துப்போய், ஒரு கெசட்டும் வாங்கி வைத்திருந்தார். அதில் ஒரே ஒரு பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போடுவார்: ‘ஹீ’ல் ஹேவ் டு கோ’. கத்தாமல், பக்கத்தில் இருந்து கதைப்பது போல ஒரு ஆம்பிளைக் குரல்.

1997இல் உம்மா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனா. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கொமினிகேசன் கடையில் காத்து நிற்போம். கோல் வந்தால் வாப்பா போனைக் காதில் வைத்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு எங்களிடம் தந்துவிடுவார். வெளிநாட்டுக்குப் போன பெண்களைப் பற்றி ஊர் என்னவெல்லாம் கதைத்தது என்பது உங்களுக்கும் தெரியும். வாப்பா யாருக்கும் பதில் சொன்னதில்லை. அன்றிரவு கடையில் அந்தப் பாட்டு ஓடும்.

பிறகு நான் ஆசிரியர் கலாசாலைக்குப் போனேன். ஒருநாள் ஆங்கில விரிவுரையாளர் அதே பாட்டைப் போட்டு, விடுபட்ட சொற்களை நிரப்பச் சொன்னார். அப்போதுதான் விளங்கியது. மதுக்கடையிலிருந்து ஒருவன் தன் காதலிக்கு டெலிபோன் எடுக்கிறான். அவளோடு வேறொருவன் இருக்கிறான். அவனைப் போகச் சொல்வதா, தான் போனை வைப்பதா என்று அவளிடமே கேட்கிறான். என் பேனை நின்றுவிட்டது.

1959இல் இசைத்தட்டின் மறுபக்கப் பாட்டாகத்தான் அது வெளிவந்ததாம். வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட, 1960இல் அமெரிக்க நாட்டுப்புற இசை வரிசையில் 14 வாரம் முதலிடம். அதே வருடம் ஜீன் பிளாக் என்ற பெண், அந்தக் காதலியின் பக்கத்திலிருந்து மறுமொழிப் பாட்டுப் பாடினார்: காக்க வைத்தது நீதானே என்று. அதுவும் பெரிய வெற்றி. நம்ம மட்டக்களப்பு வயல்களில் மச்சான் கவி பாட, மச்சி எதிர்க்கவி சொல்வாளே, அதேதான்.

லீவில் வீட்டுக்கு வந்தபோது வாப்பா கேட்டார்: “நீ இப்ப இங்கிலீஷ் படிக்கிறாய்தானே மகன், அந்தப் பாட்டுல என்ன சொல்றான்?”

உம்மா குசினிக்குள் இருந்தா. நான் சொன்னேன்: “தூரத்துல இருக்கிற பொண்டாட்டிக்கு ஒருத்தன் டெலிபோன் எடுக்கிறான் வாப்பா. சத்தம் கேக்கல்ல, கிட்ட வெச்சிக் கதை எண்டு சொல்றான்.”

அரைவாசி பொய். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

“நானும் அப்பிடித்தான் நினைச்ச” என்றார் வாப்பா.

குசினிக்குள்ளிருந்து உம்மாவின் குரல்: “அந்த மனிசனாவது கதைச்சிருக்கான். இவரு போனப் புடிச்சிட்டு மூச்சி விட்ட சத்தம் மட்டுந்தான் நாலு வருசமும் எனக்குக் கேட்ட.”

வாப்பா சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

வாப்பா மௌத்தாகி இரண்டு வருடம். பாட்டின் மற்றப் பாதியை உம்மாவுக்கும் நான் சொல்லவில்லை. கெசட் இன்னும் அலுமாரிக்குள் இருக்கிறது.

வாப்பாவுக்காக துஆச் செய்யுங்கள்.