புகையிலை ஆலை வாசலில் பிறந்த ‘நாம்’

‘வீ ஷல் ஓவர்கம்’ பாடலைப் பெரும்பாலானோர் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகரின் பாடல் என்றே சொல்கிறார்கள். மேடை அறிவிப்புகளிலும் பாடல் தொகுப்புகளிலும் அவர் பெயர்தான் அதிகம் வருகிறது. சீகரோ இந்தப் பெருமையைத் தனதென்று ஏற்றுக்கொண்டதே இல்லை. பிறரிடம் கற்றதைப் பிறருக்குக் கற்றுத் தந்ததாகவே சொல்லிவந்தார். அப்படியானால் அந்தப் பிறர் யார்? இந்தக் கேள்வியோடு தொடங்கிய தேடல், அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஓர் ஆலை வாசலுக்கும், அதற்கும் முன்னால் ஒரு தேவாலயத்துக்கும் கொண்டுபோய் நிறுத்துகிறது.

ஆவணங்களில் முதலில் கைக்குக் கிடைப்பது 1960-இல் செய்யப்பட்ட பதிப்புரிமைப் பதிவு. 1963-இல் அது விரிவாக்கப்பட்டது. அதில் இருப்பவை நான்கு பெயர்கள்: சில்ஃபியா ஹார்ட்டன், ஃபிராங்க் ஹாமில்டன், கை கராவன், பீட் சீகர். நால்வரும் வெள்ளையர். கறுப்பின மக்களின் விடுதலைப் பாடல் என்று உலகம் அறிந்த ஒன்றின் உரிமைப் பத்திரத்தில் கறுப்பினத்தவர் ஒருவர் பெயர்கூட இல்லை. வணிகர் எவராவது பதிவுசெய்து விற்றுவிடாமல் தடுக்கவே பதிந்தோம் என்பது சீகர் தரப்பு விளக்கம். உரிமைத்தொகை அவர்களில் எவருக்கும் போகவில்லை என்பதும் உண்மை. தென்மாநிலக் கறுப்பின மக்களின் பண்பாட்டுப் பணிகளுக்கான ஒரு நிதியில் அது சேர்ந்தது. நோக்கம் நேர்மையானது என்றுதான் நான் நம்புகிறேன். ஆனாலும் பத்திரத்தில் இல்லாத பெயர்கள் காலப்போக்கில் மக்கள் நினைவிலிருந்தும் நழுவிவிடுகின்றன.

சீகர் நியூயார்க்கில் 1919 மே 3 அன்று பிறந்தவர். தந்தை சார்லஸ் சீகர் இசையியல் அறிஞர்; தாய் வயலின் கலைஞர். செவ்வியல் இசை நிறைந்த வீட்டில் வளர்ந்த பையன், 1936-இல் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் நடந்த நாட்டுப்புற இசை விழாவில் ஐந்து தந்தி பாஞ்சோவைக் கேட்டான். அதன் பிறகு அவன் வழி மாறியது. ஹார்வர்டு படிப்பை 1938-இல் பாதியில் விட்டார். ஆலன் லோமாக்ஸிடம் சேர்ந்து, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் நாட்டுப்புறப் பாடல் காப்பகத்தில் வேலை செய்தார். சுரங்கத் தொழிலாளிகளும் சிறைக் கைதிகளும் பாடிய பதிவுகளை நாள் முழுக்கக் கேட்டுத் தரம்பிரிப்பதுதான் வேலை. பாடல் என்பது ஊர் வாய் வழியாக நடந்து வருவது என்ற பார்வை அவருக்கு அங்கேதான் ஊறியது. 1941-இல் வுடி கத்ரி, லீ ஹேஸ் முதலியோருடன் அல்மனாக் சிங்கர்ஸ் குழுவில் பாடினார். தொழிற்சங்கக் கூட்டங்களே அவர்களுடைய மேடை.

சீகருக்கு இந்தப் பாடலை 1947-இல் சொல்லித் தந்தவர் சில்ஃபியா ஹார்ட்டன். டென்னசி மாநிலத்தில் மான்ட்டீகிள் என்ற சிற்றூருக்கு அருகே ஹைலாண்டர் நாட்டுப்புறப் பள்ளி இருந்தது. மைல்ஸ் ஹார்ட்டனும் டான் வெஸ்ட்டும் 1932-இல் தொடங்கியது அது. தொழிலாளர்களும் விவசாயிகளும் தங்கிப் பயிலும் இடம். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பந்தியில் அமர்ந்து சாப்பிடுவது சட்டப்படி குற்றமாக இருந்த மாநிலத்தில் அது அன்றாடம் நடந்த பள்ளி. மைல்ஸின் மனைவியான சில்ஃபியா அங்கே இசைப் பொறுப்பில் இருந்தார். யார் வந்தாலும், “உங்கள் ஊரில் என்ன பாடுவீர்கள்?” என்று கேட்டு வாங்கி எழுதிவைப்பது அவர் வழக்கம். அக்கார்டியன் வாசித்துக்கொண்டே அடுத்து வருபவர்களுக்கு அதைச் சொல்லித் தருவார். இந்தப் பாடலை அவரிடம் கொண்டுவந்தவர்கள் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரிலிருந்து 1946-இல் வந்த புகையிலைத் தொழிலாளர்கள்.

தேடலின் நடுப்பகுதி இதுதான். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

சார்ல்ஸ்டனில் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியின் சுருட்டு ஆலை இருந்தது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களிலும் கறுப்பினப் பெண்களே அதிகம். கடினமான வேலையும் குறைந்த கூலியும் அவர்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. கூலி உயர்வு வேண்டும், வேலையில் நிறப் பாகுபாடு கூடாது என்று கேட்டு 1945 அக்டோபரில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சுமார் ஐந்து மாதம் நடந்தது. குளிரிலும் மழையிலும் ஆலை வாசலில் மறியல் வரிசை நின்றது. அந்த வரிசையைப் பாட்டுதான் தாங்கிப்பிடித்தது. தேவாலயத்தில் பாடிப் பழகிய பாடல்களையே அவர்கள் வாசலிலும் பாடினார்கள். அவற்றில் ஒன்று, ஒருவர் தனக்குத்தானே தெம்பு சொல்லிக்கொள்ளும் பக்திப் பாட்டு. ‘நான் கடந்துவிடுவேன்’ என்பது அதன் பொருள்.

லூசில் சிம்மன்ஸ் என்ற தொழிலாளிக்கு இந்தப் பாட்டின் மீது தனிப் பிரியம். அன்றைய மறியல் முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில் அவர் இதை எடுப்பார். கைதட்டிப் பாடும் வேகத்தில் அல்ல. ஒவ்வோர் அசையையும் நீட்டி, மூச்சு முட்டும் அளவுக்கு இழுத்து, மிக மெதுவாகப் பாடுவார். கறுப்பினத் தேவாலயங்களில் பழைய வழிபாட்டுப் பாடல்களைப் பாடும் முறை அது. தாளம் இருக்காது, குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று அலையாக ஏறி இறங்கும். அப்படிப் பாடும்போது தொழிலாளர்கள் ஒரு சொல்லை மாற்றினார்கள். ‘நான்’ என்று இருந்தது ‘நாம்’ ஆனது. சில்ஃபியாவிடம் வந்து சேர்ந்தது இந்த வடிவமே.

ஒரு பக்திப் பாட்டைப் போராட்டப் பாட்டாக்கியது அந்த ஒற்றைச் சொல்தான். ஆங்கிலத்தில் ‘வீ’ ஒன்றே. தமிழில் எழுத உட்காரும்போதுதான் அதன் இரண்டு முகமும் தெரிகிறது: கேட்பவரை வெளியே நிறுத்தும் ‘நாங்கள்’, கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’. ஆலை நிர்வாகத்தைப் பார்த்துப் பாடியபோது அது ‘நாங்கள்’. பக்கத்தில் குளிரில் நடுங்கி நின்றவளைப் பார்த்துப் பாடியபோது ‘நாம்’. வேலைநிறுத்தத்தின் முடிவில் கிடைத்த கூலி உயர்வு கேட்டதைவிடக் குறைவு. மீதிக் கூலிக்கு ஈடாக உலகத்துக்கு ஒரு பாட்டு கிடைத்தது என்று சொல்ல மனம் வரவில்லை. அவர்கள் கேட்டது கூலியைத்தான்.

சார்ல்ஸ்டனுக்கும் முந்தைய தடங்கள் பல. பிலடெல்பியாவில் மெதடிஸ்டு போதகராக இருந்த சார்லஸ் ஆல்பர்ட் டிண்ட்லி, 1900-ஆம் ஆண்டு வாக்கில் ‘ஐ’ல் ஓவர்கம் சம் டே’ என்ற பாடலை வெளியிட்டார். அடிமையாக இருந்த தந்தைக்குப் பிறந்தவர் அவர். ஒரு தேவாலயத்தில் துப்புரவுப் பணியாளராகச் சேர்ந்து, பின்னர் அதே சபைக்குப் போதகராகத் திரும்பியவர். அவர் பாடலின் கருத்தும் சொல்லமைப்பும் இதற்கு நெருக்கம், மெட்டு வேறு. மெட்டைத் தேடினால் ‘ஐ’ல் பி ஆல்ரைட்’ என்ற வாய்மொழிப் பக்திப் பாட்டும், அடிமை ஏலத்துக்கு எதிரான ‘நோ மோர் ஆக்ஷன் பிளாக்’ பாடலும் கண்ணில் படுகின்றன. சின்சினாட்டியைச் சேர்ந்த லூயிஸ் ஷ்ராப்ஷயர் என்ற கறுப்பினப் பெண்மணி முன்பே எழுதி, 1954-இல் பதிவுசெய்த ‘இஃப் மை ஜீசஸ் வில்ஸ்’ பாடலே மூலம் என்ற வாதமும் பின்னாளில் எழுந்தது. 1909 பிப்ரவரியில் சுரங்கத் தொழிலாளர் சங்க இதழில் வந்த ஒரு கடிதம் இன்னொரு தடம். முந்தைய ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது ஒவ்வொரு கூட்டத்தையும் ‘வீ வில் ஓவர்கம்’ பாடியே தொடங்கினோம் என்கிறது அது. சார்ல்ஸ்டன் பெண்களுக்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே ‘நாம்’ என்ற சொல் எங்கோ ஒரு சுரங்க ஊரில் ஒலித்திருக்கிறது. அந்தப் பாடலின் மெட்டைக் கடிதம் சொல்லவில்லை. ஊற்று ஒன்றல்ல என்பது தெளிவு. ஆனால் இன்றைய பாடலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு என்று தொடர்ந்து பின்னோக்கிப் போனால், அந்தக் கைகளின் வரிசை போய் நிற்பது சார்ல்ஸ்டன் ஆலை வாசலில்.

சீகரின் பங்கு என்ன? 1948-இல் தம் அமைப்பின் பாடல் இதழில் இதை அச்சிட்டார். சில சரணங்களைச் சேர்த்தார். ‘வில்’ என்ற சொல் ‘ஷல்’ ஆனதும் அவர் வட்டத்தில்தான். வாயை அகலத் திறந்து பாட ‘ஷல்’ வசதி என்பது அவர் சொன்ன காரணம். அதையும் தம் கணக்கில் மட்டும் எழுதிக்கொள்ளவில்லை. மாற்றியவர் செப்டிமா கிளார்க்காகவும் இருக்கலாம் என்றார். கிளார்க் சார்ல்ஸ்டனில் பிறந்த கறுப்பின ஆசிரியை. வாக்குரிமைக்காக எழுத்தறிவு வகுப்புகளை நடத்தியவர்.

1957-இல் ஹைலாண்டரின் 25-ஆம் ஆண்டு விழாவுக்கு மார்ட்டின் லூதர் கிங் வந்தார். சீகர் பாஞ்சோவுடன் பாடினார். திரும்பும் வழியில் காரில் கிங் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே, மனதை விட்டுப் போக மறுக்கிறதே என்றாராம். 1959 ஜூலை 31 இரவு அதே பள்ளிக்குள் போலீஸ் புகுந்தது. விளக்குகளை அணைத்துவிட்டு அறை அறையாகச் சோதனை. இருட்டில் உட்கார வைக்கப்பட்டிருந்த பிள்ளைகளுக்குள் ஜமீலா ஜோன்ஸ் என்ற பதின்வயதுப் பெண் பாடலை எடுத்தாள். பயப்படவில்லை என்று பொருள்படும் ஒரு சரணத்தை அங்கேயே கட்டிச் சேர்த்தாள். மற்றவர்களும் சேர்ந்து பாடினார்கள். தம்முன் நின்ற போலீஸ்காரர், பாடத்தான் வேண்டுமென்றால் இவ்வளவு சத்தமாகப் பாட வேண்டுமா என்று கேட்டதாகவும், அவர் கை நடுங்கியதைத் தாம் கண்டதாகவும் ஜமீலா பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். கிளார்க்கும், அப்போது அங்கே இசைப் பணிக்கு வந்திருந்த கை கராவனும் அன்று கைதானார்கள்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் வட கரோலினாவின் ராலி நகரில் மாணவர் அமைப்பு உருவான கூட்டத்தில் கராவன் இதைப் பாடினார். வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவக இருக்கைகளில் உட்கார்ந்து அடிவாங்கிய மாணவர்கள் எழுந்து நின்று, கைகளைக் குறுக்கே கோத்துக்கொண்டார்கள். பாடல் கறுப்பினக் குடியுரிமை இயக்கத்தின் சொத்தானது அன்றுதான். 1963 ஆகஸ்டு 28 அன்று வாஷிங்டன் பேரணியில் பாடகி ஜோன் பயஸ் இதைப் பாடினார். 1965 மார்ச் 15 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன், வாக்குரிமைச் சட்டம் கோரி நாடாளுமன்றத்தில் பேசியபோது அந்தச் சொற்களையே சொன்னார்.

இந்த ஆண்டுகளில் சீகருக்குத் தொலைக்காட்சியின் கதவு மூடிக்கிடந்தது. அவருடைய வீவர்ஸ் குழு 1950-இல் ‘குட்நைட் ஐரின்’ பாடலால் விற்பனைப் பட்டியலின் உச்சியில் 13 வாரம் இருந்தது. கம்யூனிஸ்டு முத்திரை விழுந்ததும் மேடைகள் கைவிட்டன. 1955 ஆகஸ்டு 18 அன்று நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் நிறுத்தினார்கள். எந்தக் கூட்டத்தில் பாடினாய், யாருக்குப் பாடினாய் என்று கேட்டார்கள். தன்மேல் குற்றம் வராமல் காக்கும், அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தத்தைச் சொல்லித் தப்பியிருக்கலாம். பலர் அப்படிச் செய்தார்கள். சீகர் அதைத் தொடவில்லை. ஒருவரின் நம்பிக்கையையும் நட்பையும் பற்றி இப்படிக் கேட்க எவருக்கும் உரிமையில்லை என்றார். வேண்டுமானால் பாடிக் காட்டுகிறேன் என்றார். நாடாளுமன்ற அவமதிப்பு வழக்கில் 1961-இல் ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1962-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தேசியத் தொலைக்காட்சி அவரை மீண்டும் அழைத்தது 1967-இல். கதவு மூடிக்கிடந்த காலம் முழுக்கப் பள்ளிகள், கல்லூரிகள், கோடை முகாம்கள் என்று போய்ச் சிறுவர்களுக்குப் பாடினார். 1954-இல் கலிஃபோர்னியாவில் அவர் பாடக் கேட்ட 13 வயதுச் சிறுமிதான் ஜோன் பயஸ். சீகரைத் தடுத்தவர்கள், தங்களை அறியாமல் அவரை அடுத்த தலைமுறையின் நடுவில் கொண்டுபோய் விட்டார்கள்.

பாடல் கடல் தாண்டியது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியை எதிர்த்த ஜான் ஹாரிஸ், 1965 ஏப்ரல் 1 அன்று இதைப் பாடிக்கொண்டே தூக்குமேடை ஏறினார். சீகர் 1963-64 உலகப் பயணத்தில் கல்கத்தாவிலும் பாடினார். வங்காளத்தில் ஹேமாங்க பிஸ்வாஸ் மொழிபெயர்த்தார். இந்தியில் கிரிஜா குமார் மாத்தூர் ஆக்கிய ‘ஹம் ஹோங்கே காம்யாப்’ வானொலி, தூர்தர்ஷன் வழியாக நாடெங்கும் பள்ளிகளுக்குள் போயிற்று. தமிழ்நாட்டிலும் ஒரு தலைமுறை மாணவர்கள் அதைக் காலை வணக்கத்தில் பாடியிருக்கிறார்கள்; சார்ல்ஸ்டன் என்ற ஊர்ப் பெயரை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

சீகர் 2014 ஜனவரி 27 அன்று 94 வயதில் மறைந்தார். 2016-இல் பாடலின் பதிப்புரிமையை எதிர்த்து நியூயார்க்கில் வழக்குத் தொடரப்பட்டது. பரவலாகப் பாடப்படும் முதல் சரணத்தில், உரிமை கோரும் அளவுக்குப் புதிதாக எதுவும் சேர்க்கப்படவில்லை என்று 2017 செப்டம்பரில் நீதிபதி டெனிஸ் கோட் தீர்ப்பளித்தார். 2018 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டு, பாடல் பொதுவுடைமையானது. சீகர் தம் வாயால் சொல்லிவந்ததை நீதிமன்றம் எழுத்தில் சொன்னது.

இனி யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் பள்ளிப் பாடநூலிலோ விழா அழைப்பிதழிலோ இந்தப் பாடலை அச்சிடுபவர்கள், பீட் சீகர் பெயருக்கு முன்னால் ஒரு வரி சேர்க்க வேண்டும்: லூசில் சிம்மன்ஸும் சார்ல்ஸ்டன் புகையிலைத் தொழிலாளர்களும், 1945-46.