காக்கைக்கு ஒரு பிடி

சில மாதங்களுக்கு முன் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டேன். "உங்கள் வட்டாரத்தில் காக்கைத் தொல்லை இருக்கிறதா?"

இப்படி அழைப்புகள் குவியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒருவரின் தட்டிலிருந்த புரோட்டா கோப்பிக்கடை மேசையிலிருந்து அப்படியே பறந்துபோயிற்றாம். 2023இல் பீஷானில் வழியில் போனவர்களின் தலையைக் காக்கைகள் பதம் பார்த்ததை இன்னொருவர் நினைவுபடுத்தினார். சிரிப்பும் கலகலப்புமாகப் போய்க்கொண்டிருந்தபோது கடைசியாக ஒரு மூதாட்டி இணைப்பில் வந்தார்.

"அமாவாசைக்குக் காக்காவுக்குச் சோறு வைக்கக் கூடாதுன்னா, நான் எப்படிம்மா சாப்பிடுறது?"

பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் உணவிடுவது சட்டப்படி குற்றம், முதல் முறை பிடிபட்டாலே 5,000 வெள்ளி வரை அபராதம் என்று அதற்குச் சற்று முன்புதான் வாசித்திருந்தேன். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. ஏதோ சிரித்து மழுப்பிவிட்டு ஒரு பாடலைப் போட்டேன். ஒலிவாங்கியை மூடிய பிறகும் அந்தக் குரல் காதிலேயே இருந்தது. காரணம், அதே கேள்வியை என் அம்மா வீட்டில் என்னிடம் ஏற்கெனவே கேட்டிருந்தார்.

என் அப்பா லோரோங் ஹாலுஸ் குப்பைக்கிடங்கில் புல்டோசர் ஓட்டியவர். இன்றைக்கு அங்கே நாணல் வளர்ந்த குளங்களும், பொங்கோலிலிருந்து நடந்து வர ஒரு பாலமும், படம் எடுத்துக்கொள்ளும் மணமக்களும் இருக்கிறார்கள். அந்த நாணலுக்கே ஒரு வேலை உண்டு. கீழே புதைந்து கிடக்கும் குப்பையிலிருந்து கசியும் கறுப்புத் தண்ணீர் பக்கத்து நீர்த்தேக்கத்தில் கலந்துவிடாமல் சுத்தம் செய்வதற்காகவே அதை நட்டார்கள். என் சின்ன வயதில் அது வெறும் மேடு. அப்பா வேலை முடிந்து வந்தால் கூடத்துக்குள் நுழையாமல் நேராகக் குளியலறைக்குப் போவார். இரண்டு முறை சோப்புப் போட்டாலும் வாடை போகாது. "என் சம்பளத்தோட வாசனை" என்பார்.

எட்டோ ஒன்பதோ வயதில் ஒருமுறை அந்த இடத்தைப் பார்த்தேன். பள்ளி விடுமுறை. அப்பாவின் நண்பர் ஒருவர் லாரியில் ஏற்றிப்போய் தூரத்தில் நிறுத்திக் காட்டினார். முதலில் கண்ணில் பட்டது குப்பை இல்லை, பறவைகள்தாம். மஞ்சள் புல்டோசருக்குப் பின்னால் வெள்ளைக் கொக்குகள் வரிசையாக நடந்தன, ஊரில் ஏர் உழும்போது பின்னால் நடக்குமே அதுபோல. அவற்றுக்கு மேலே மைனா. அதற்கும் மேலே, வானத்தில் மிளகைத் தூவியதுபோல் காக்கைகள். எல்லாவற்றுக்கும் மேலே செம்பருந்துகள் வட்டமிட்டன. அப்பா இயந்திரத்தில் உட்கார்ந்தபடியே கருடனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பார்க்க அழகாக இருந்தாலும் அங்கே வேலை செய்தவர்களுக்குப் பறவைகள் பெரிய தலைவலி. குப்பையைக் கிளறி இறைக்கும். எலும்பையும் குடலையும் தூக்கிப் போய் வேறெங்கோ போடும். எல்லாவற்றையும்விட, குப்பைமேட்டுக்கு மேலே கூட்டமாகப் பறக்கும் பறவைகள் விமான இயந்திரத்தில் சிக்கிக்கொண்டால் உயிர்ச்சேதம்கூட நேரலாம். விமான நிலையங்களுக்குப் பக்கத்தில் குப்பைக்கிடங்கு வைக்க எந்த நாடும் தயங்குவதற்கு அதுதான் காரணம். பாய லேபார் விமானத் தளம் லோரோங் ஹாலுஸிலிருந்து ரொம்பத் தூரமில்லை.

அவற்றை விரட்டுவதற்கு என்னென்ன செய்து பார்த்தோம் என்று அப்பா சாப்பிடும்போது கதை கதையாகச் சொல்வார். வெடி போட்டார்களாம். முதல் நாள் வானம் காலி. மறுநாள் பாதி வந்துவிட்டது. நாலாம் நாள் வெடிச் சத்தத்தைக் கேட்டதும், சோறு வந்துவிட்டது என்று மணியடித்ததுபோல் மொத்தக் கூட்டமும் இறங்கியதாம். செத்த காக்கையை ஒரு கம்பத்தில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார்களாம். சுற்றி வந்து அரை நாள் கத்தித் தீர்த்துவிட்டு, அதற்கு அடியிலேயே உட்கார்ந்து தின்றனவாம். அப்பா இதைச் சொல்லும்போது குரலில் எரிச்சல் இருக்காது, ஒருவித மரியாதைதான் இருக்கும்.

"சத்தம் போட்டா நாலு நாளைக்குத்தான் பாப்பா. சாப்பாட்டை மூடணும்."

அவருடைய வேலையே அந்த மூடல்தான். லாரிகள் கண்ட இடத்தில் கொட்டாமல் ஒரே சின்ன இடத்தில் கொட்ட வேண்டும். திறந்து கிடக்கும் இடம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு பறவை குறையும். கொட்டியதைப் பரப்பி, மேலே பலமுறை ஏறி இறங்கி நசுக்கி, அன்றைக்குச் சாயங்காலமே அரையடி மண் போட்டு மூடிவிட வேண்டும். ஈரச்சந்தையிலிருந்து மீன் குடலோடு லாரி வந்தால் வரிசையெல்லாம் கிடையாது, அதற்குத்தான் முதல் மரியாதை. உடனே புதைத்தாக வேண்டும். ஆண்டுக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டால் மண் களியாகிவிடும், புல்டோசர் வழுக்கும், மூடுவது தாமதமாகும். அந்த நாள்களில் அப்பா வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்குக் காக்கா ஜாஸ்தியா?"

நாய்கள் விஷயம் வேறு. அங்கேயே குட்டி போட்டு அங்கேயே வளர்ந்த நாய்கள். அவற்றுக்குச் சோறு போடுகிறவர்களும் போடக் கூடாது என்கிறவர்களும் வேலையாட்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. அந்தச் சண்டையில் அப்பா எந்தப் பக்கம் என்று நான் கேட்டதே இல்லை.

ஆனால் காக்கை விஷயத்தில் அவர் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். நாள் முழுக்கக் காக்கையின் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்கி மண்ணில் புதைத்த மனிதர், மதியம் டிபன் கேரியரைத் திறந்ததும் முதல் பிடியை எடுத்து ஓரமாக வைப்பாராம். "ஏம்ப்பா, நீங்களே விரட்டுறீங்க, நீங்களே போடுறீங்க?" என்று கேட்டிருக்கிறேன். "அது வேலை. இது தாத்தாவுக்கு" என்றார். அதற்குமேல் விளக்கம் கிடையாது.

1999 மார்ச் மாதக் கடைசியில் லோரோங் ஹாலுஸ் மூடப்பட்டது. மறுநாள், ஏப்ரல் 1 முதல், தெற்கே கடலில் புலாவ் செமாக்காவ் திறந்தது. அப்பாவை வேறு வேலைக்கு மாற்றினார்கள்.

வானொலிக்கு வந்த பிறகு பணி நிமித்தமாக ஒருமுறை செமாக்காவ் போனேன். கடலுக்குள் 7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரை கட்டி, அதற்குள்ளே நிரப்புகிறார்கள். ஆனால் அங்கே போவது குப்பையில்லை, பெரும்பாலும் சாம்பல். எரியக்கூடிய குப்பையெல்லாம் எரியாலைகளில் எரிந்து, பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கி, துவாஸிலிருந்து படகில் போகிறது. வாடை இல்லை. சதுப்புநிலத்தில் ஒரு நாரை அசையாமல் நின்றது. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காக்கை ஒன்றுகூட இல்லை. சாம்பலில் அதற்கு என்ன வேலை? அப்பாவின் புல்டோசர் அரையடி மண்ணால் செய்ததை, ஆலைகள் நெருப்பால் செய்துவிட்டன.

ஆனால் காக்கைகள் எங்கும் போய்விடவில்லை. குப்பைமேடு இல்லையென்றால் உணவங்காடி இருக்கிறதே. 2000ஆம் ஆண்டு வாக்கில் சிங்கப்பூரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட காக்கைகள் இருந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். துப்பாக்கிக் கழகத்தினர் புளோக் புளோக்காகச் சுட்டு வந்த காலம் ஒன்று இருந்தது. 2020இல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது கூடுகளை அகற்றுகிறார்கள், கிளைகளை வெட்டுகிறார்கள், பொறி வைக்கிறார்கள். 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடியில் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் நடவடிக்கை என்று சட்டம் வந்தபோது பலரும் முணுமுணுத்தார்கள். எனக்கு அப்பாவின் குரல்தான் கேட்டது. சாப்பாட்டை மூடணும்.

ஒன்று சொல்ல வேண்டும். கழுத்தில் சாம்பல் நிறம் பூசிய இந்தக் காக்கை இந்த மண்ணுடையதே இல்லை. கிள்ளான் பக்கம் காப்பித் தோட்டங்களில் புழு தின்பதற்காக இலங்கையிலிருந்து அதைக் கொண்டுவந்து விட்டார்கள் என்கிறது வரலாறு. அதாவது தோட்ட வேலைக்கு என்று கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டு, வேலை முடிந்த பிறகும் தங்கிவிட்ட கூட்டம். இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

அப்பா தவறி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வோர் அமாவாசைக்கும் அம்மா சமைத்து, தாழ்வாரக் கைப்பிடிச் சுவரில் ஒரு பிடி வைப்பார். காக்கை வந்து தொட்ட பிறகுதான் எங்களுக்கு இலை. போன ஆண்டு அதைப் பற்றி ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கீழ்வீட்டுச் சீனப் பாட்டியின் துணிகளில் எச்சம் விழுந்திருக்கிறது. அவர் நல்லவர், எங்களிடமே இரண்டு முறை சொல்லிப் பார்த்திருக்கிறார். குற்றம் எங்களுடையதுதான். நான் அம்மாவிடம் சட்டத்தை விளக்கினேன், வானொலிக் குரலில்.

"அப்ப அவர் பசியா இருக்கட்டுமா?" என்றார் அம்மா. அன்றும் எனக்குப் பதில் வரவில்லை. வீட்டில் பாடல் போட்டுத் தப்பிக்க முடியாது.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு வந்த அமாவாசைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். அம்மா சோற்றை வெளியே வைக்கவில்லை. அப்பாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தார். ஆனால் சாப்பிட உட்காரவும் இல்லை. மணி ஒன்றரை ஆயிற்று. இரண்டாயிற்று. சர்க்கரை நோய்க்காரர், மாத்திரை போட வேண்டும். சொன்னால் கேட்கவில்லை. தாழ்வாரத்தில் போய் நின்றுகொண்டார். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

எங்கள் வீடு மூன்றாம் மாடி. எதிரே கீழே கோப்பிக்கடை. யாரோ சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் திருப்பி வைக்காமல் போயிருந்தார்கள். கோழிச்சோற்றில் பாதி அப்படியே இருந்தது. மழைமரத்திலிருந்து ஒரு காக்கை இறங்கி நாற்காலியின் முதுகில் உட்கார்ந்தது. இப்படியும் அப்படியும் பார்த்தது. மேசையில் குதித்து ஒரு வாய் எடுத்தது.

மேசை துடைக்கும் அண்ணன் துணியை வீசிக்கொண்டு ஓடிவந்தார். அது பறந்துவிட்டது.

"சாப்பிட்டுட்டார்," என்றார் அம்மா. "வா, இலையைப் போடு."