ஆவாரம்பாளையத்தில் ஒரு பின்னறை

கோவை ஆவாரம்பாளையத்துச் சந்துகளில் அப்போதெல்லாம் எந்தக் கதவைத் திறந்தாலும் ஒரு லேத் ஓடும். பம்புக்கு ஷாஃப்ட் கடைபவர், கிரைண்டருக்கு உதிரி செய்பவர், அடுத்த பட்டறைக்குக் கீவே மட்டும் போட்டுத் தருபவர் என்று ஒரே சந்தில் எல்லோரும் இருப்பார்கள். எங்கள் பட்டறையில் முன்பக்கம் லேத்துகளும் ஒரு மில்லிங் மெஷினும். பின்னால், சுவர் தடுத்த சின்ன அறையில் கம்ப்யூட்டர்கள். ஆபீஸ்கள் கழித்துப் போட்ட பென்டியம் 4 பெட்டிகளை ஓனர் அண்ணன் பழைய இரும்புக் கடையில் வாங்கி அடுக்கியிருப்பார். வாங்கும்போது அவர் முதலில் பார்ப்பது, முதுகில் 25 துளை பேரலல் போர்ட் இருக்கிறதா என்பதைத்தான்.

பிரிண்டருக்காக வந்த அந்த போர்ட் வழியாக மோட்டார் டிரைவருக்குப் பல்ஸ் அனுப்ப முடியும். கம்பெனி கன்ட்ரோலர் வாங்க வசதியில்லாத எங்களுக்கு லினக்ஸ்சிஎன்சி பெரிய வரம். அமெரிக்க அரசின் நிஸ்ட் நிறுவனத்தில் 1990-களில் வேர்விட்ட, மெஷினை ஓட்டும் மென்பொருள் அது, இலவசம். உபுண்டு 10.04 மீது கட்டிய அதன் சிடியைப் போட்டால் ரியல்டைம் கெர்னலோடு எல்லாம் சேர்ந்து ஏறிவிடும்.

எங்கள் மில்லிங்கில் மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 2000 பல்ஸ். பால்ஸ்க்ரூ பிட்ச் 5 மி.மீ. ஆக, ஒரு மி.மீ.க்கு 400 பல்ஸ். நிமிடத்துக்கு 1500 மி.மீ. ஓட்ட நொடிக்கு 10,000 பல்ஸ் வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 100 மைக்ரோ நொடி. அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் வேறு வேலையில் தாமதித்தால் மோட்டார் முனகிக்கொண்டு நின்றுவிடும். ஸ்கிரீன் ஓரிடத்தைக் காட்டும், டூல் வேறிடத்தில் இருக்கும். ஜாப் வீண்.

அதனால் எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் லேட்டன்சி டெஸ்ட், அதாவது தாமதச் சோதனை. ஸ்கிரீனில் பல்சக்கரங்களைச் சுழலவிட்டு, பெரிய ஃபைல்களைக் காப்பி பண்ணி, விண்டோக்களை இழுத்தடித்து, வேண்டுமென்றே திணற வைப்போம். தாமதம் 20 மைக்ரோ நொடிக்குள் நின்றால் அந்தப் பெட்டி மெஷினுக்கு. 100-ஐத் தாண்டினால் பில் போடும் மேஜைக்கு. புதிய, வேகமான கம்ப்யூட்டர்கள் இதில் தோற்பதை நாங்கள் கண்ணாரப் பார்த்தோம். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவும் சூட்டைக் கவனிக்கவும் அவை நம்மைக் கேட்காமலே இடையில் போய் வரும். அண்ணனுக்கு வேண்டியது வேகமில்லை, நேரம் தவறாமை. அதைப் பழைய பெட்டிகள் தந்தன.

பெரிய தொந்தரவு, போர்டிலேயே இருந்த கிராஃபிக்ஸ். டூல் போகும் பாதையை வரைய ஆரம்பித்தாலே ஜிட்டர், அதாவது நேரத் தடுமாற்றம், ஏறும். காஸ்ட் அயர்ன் தூள் வேறு. அதனால் அண்ணன் மெஷின் பக்கத்துப் பெட்டியைத் தகரப் பெட்டிக்குள் மூடி, மானிட்டரையே எடுத்துவிட்டார். பல்ஸ் அடிப்பது மட்டும் அதன் வேலை. அங்கிருந்து பின்னறைக்கு ஒரு நெட்வொர்க் கேபிள். லினக்ஸ்சிஎன்சியோடு வரும் ஆர்எஸ்ஹெச் இடைமுகம் 5007-ஆம் போர்ட்டில் காத்திருக்கும். டெல்நெட்டில் ஹலோ சொல்லி பாஸ்வேர்டு கொடுத்தால் கதவு திறக்கும். ஒரு வரி அடித்தால் மெஷின் ஆன் ஆகும், இன்னொரு வரிக்கு ஹோம் என்னும் தொடக்கப் புள்ளிக்குப் போகும், எக்ஸ் அச்சு எங்கே என்று கேட்டால் எண் வரும். சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு நகர்வதை இந்தப் பக்கம் எழுத்தாகப் படித்த அந்த மகிழ்ச்சி எனக்கு வேறு எந்த வேலையிலும் கிடைத்ததில்லை. அந்தக் கேபிளை இன்டர்நெட் பக்கமே விடவில்லை. யார் உள்ளே வந்தாலும் மெஷின் கேட்கும் அல்லவா?

ஒன்றில் மட்டும் அண்ணன் இளகவே மாட்டார். “எமர்ஜென்சி சுவிட்ச் நெட்வொர்க்குல போகக்கூடாது கண்ணு. ஒயர்ல நேராப் போய் பவரை வெட்டோணும். மெஷின்கிட்ட ஆள் நிக்காம ஸ்டார்ட்டும் குடுக்காதே.”

2012-ன் மின்வெட்டு நாட்களில் கம்ப்யூட்டரை யூபிஎஸ் தாங்கும், மோட்டாரைத் தாங்காது. கரண்ட் வந்ததும் மறுபடி ஹோம் எடுத்து, விட்ட வரியைத் தேடி, டூலை மேலே தூக்கி வைத்துத் தொடங்க வேண்டும்.

பட்டறை மூடியபின் அந்த மில்லிங் மெஷின் கணபதிப் பகுதியில் ஒருவரிடம் போனது. அவர் பேரலல் போர்ட்டை விட்டுவிட்டு, பல்ஸைத் தானே உண்டாக்கும் ஈதர்நெட் கார்டு போட்டிருக்கிறார். கம்ப்யூட்டரின் ஜிட்டர் இனி அவருக்குப் பெரிய கவலையில்லை. செட்டிங் போடும்போது கூப்பிட்டார்: “ஸ்கேல் எத்தனைங்க வெச்சிருந்தீங்க?” பால்ஸ்க்ரூவும் டிரைவரும் மாறவில்லை என்றார். 400 என்று சொன்னேன்.