பதின்மூன்று வயதில் கதாநாயகி

நடிகை ஸ்ரீதேவி 1963 ஓகஸ்ட் 13 இல் பிறந்தவர். 1969 இல் வெளிவந்த 'துணைவன்' படத்தில் முருகனாக நடித்தபோது அவருக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை. 1971 இல் 'பூம்பாட்டா' என்ற மலையாளப் படத்துக்காகச் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான கேரள அரசின் விருது கிடைத்தது. 1976 இல் கே. பாலசந்தரின் 'மூன்று முடிச்சு' வெளிவந்தது. கமல்ஹாசன், ரஜினிகாந்த் நடித்த அந்தப் படத்தின் கதாநாயகிக்கு வயது 13.

பதின்மூன்று வயது என்றால் நமது பாடசாலையில் தரம் 8. இடைவேளையில் மரநிழலில் ஓடிப்பிடித்து விளையாடும் நம் தங்கைமாரின் வயது. அந்த வயதில் ஸ்ரீதேவி ஏற்றது, காதலனைப் பறிகொடுத்து, பின்னர் தன்னைவிட மிக மூத்த ஒருவரை மணக்கும் பெண்ணின் பாத்திரம்.

அவர் உயர்ந்தார் என்பதில் ஐயமில்லை. ஹிந்தித் திரையுலகின் முதல்வரிசைக்குப் போனார். 2004 இல் 'மாலினி ஐயர்' தொலைக்காட்சித் தொடரில் நடித்தார். 2013 இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆனால் பாடசாலை, கல்லூரி வாழ்க்கையைத் தவறவிட்டதாக அவரே கூறியிருக்கிறார். 2012 இல் வந்த 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' படத்தில், ஆங்கிலம் தெரியாததால் வீட்டாரின் கேலிக்கு ஆளாகி, யாருக்கும் தெரியாமல் வகுப்புக்குப் போகும் ஒரு தாயாக நடித்தார். அவர் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் காட்சிகளை என்னால் வெறும் நடிப்பாகப் பார்க்க முடியவில்லை.

குழந்தை நட்சத்திரம் இழக்கக்கூடியது படிப்பை மட்டுமல்ல. 1921 இல் சார்லி சாப்ளினுடன் 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன், வளர்ந்தபின் தான் உழைத்த பணத்தைத் தேடினார். தாயும் வளர்ப்புத் தந்தையும் பெரும்பகுதியைச் செலவழித்திருந்தனர். அவர் வழக்குத் தொடர்ந்தார். அதன் விளைவாக 1939 இல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் பிறந்தது. இந்தியாவின் 2017 ஆம் ஆண்டு விதிகளும், குழந்தைக் கலைஞரை ஒரு நாளில் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் நடிக்கவைக்கக் கூடாது என்கின்றன. வருமானத்தில் குறைந்தது 20 வீதத்தைக் குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்பிலிட வேண்டும் என்றும் சொல்கின்றன.

இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. இன்று நடிக்க ஸ்டூடியோ தேவையில்லை. ஒரு கைத்தொலைபேசி போதும். என் மாமியின் மகளுக்கு ஏழு வயது. துடுக்காகப் பேசுவாள். அவளுடைய வீடியோவைப் பார்த்துவிட்டு, களுவாஞ்சிக்குடியில் உள்ள ஒரு புடவைக்கடையில் விளம்பரத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். மாமி சந்தோஷத்தோடு வந்து சொன்னபோது உம்மா கேட்டது இவ்வளவுதான்: "பள்ளிக்கூட நாளிலயா மதினி? காசு புள்ளட பேருலயா?"

மாமியிடம் உடனே பதில் இருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை மட்டும் என்றால் சம்மதம் என்று கடைக்குச் சொல்லியனுப்பினார். பிள்ளையின் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கும் திறந்தார்.

திறமை அல்லாஹ் தந்த அருட்கொடை. அதை மூடிவைக்கச் சொல்ல நான் யார்? ஆனால் பிள்ளையின் உழைப்பு பெற்றோர் கையில் ஓர் அமானிதம். அவளுடைய படிப்பும் விளையாட்டும் அப்படியே. இலங்கையில் 16 வயது வரை கல்வி கட்டாயம். அந்த ஆண்டுகளை, எவ்வளவு பெரிய கைதட்டலுக்காகவும் விலைபேசக் கூடாது.