மஞ்சள்தானுங்களே

இரண்டு தலைமுறையாக ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் செய்த குடும்பம் எங்களுடையது. கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிப் பார்த்தே விரலியா கிழங்கா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன் மாதம் ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து மஞ்சளை மாத்திரையாக வாங்கி, வீட்டுக்குத் தெரியாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

காரணம் அப்பா. பேரேட்டைப் புரட்டாமலேயே பழைய பாக்கியெல்லாம் சொன்னவர், கடைசிக் காலத்தில் என்னைப் பார்த்து, "நீங்க எந்த ஊருங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். அறுபதை எட்டிய பிறகு, எதிரே வருபவர் பெயர் நாக்கு நுனியில் நின்று அடம்பிடிக்கும்போதெல்லாம் அடுத்தது நான்தான் என்று எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின், பாலிபீனால் என்னும் தாவரச் சத்துக் கூட்டத்தைச் சேர்ந்தது. தேயிலையிலும் கோகோவிலும் இருப்பவை அதன் பங்காளிகள். சத்து பிழிகிற கம்பெனிக்காரர்கள் எங்கள் சரக்கைக் குர்குமின் சதவீதம் பார்த்துத்தான் எடுப்பார்கள். சுமார் மூன்று தேறும். அந்தக் கணக்குப்படி 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, ஏறக்குறைய 17 கிராம் மஞ்சள்தூளுக்குச் சமம். எந்த வீட்டுக் குழம்பிலும் ஆளுக்கு அவ்வளவு விழாது. பாட்டி காலத்துப் பொருள்தானே என்ற சமாதானம் அங்கேயே அடிபட்டுப்போகிறது. தெரிந்தேதான் சாப்பிட்டேன்.

கை நடுக்கத்துக்கு ப்ராப்ரனலால் எடுத்துக்கொள்கிறேன். வழக்கமான பரிசோதனையின்போது டாக்டரம்மா, "வேற என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டதும் டப்பாவை எடுத்து வைத்தேன்.

"இதச் சொல்லவே இல்லீங்களே?"

"மஞ்சள்தானுங்களே."

அவர் டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைக் காட்டினார். குர்குமினோடு பைபரின். மிளகின் காரம்.

அந்தக் கூட்டணிக்குப் பின்னால் 1998-இல் வெளியான பெங்களூரு ஆய்வு ஒன்று இருக்கிறது. செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 2 கிராம் குர்குமினை மட்டும் கொடுத்தபோது ரத்தத்தில் அது தேறவே இல்லை என்று சொல்லலாம். கூடவே 20 மில்லிகிராம் பைபரின் கொடுத்ததும் உடலில் சேரும் அளவு 2,000 சதவீதம் கூடியது. குடலும் கல்லீரலும் குர்குமினை வேண்டாத விருந்தாளியாக நினைத்து உடனே வெளியே அனுப்பப் பார்க்கின்றன. பைபரின் அந்த வேலையை மந்தமாக்குகிறது. குர்குமினுக்கு மட்டும் இப்படி நடந்தால் பரவாயில்லை. ப்ராப்ரனலாலும் பைபரினோடு சேர்ந்தால் ரத்தத்தில் கூடும் என்பது அதற்கும் முன்பே தெரிந்த சங்கதி. இத்தாலியில் 2019-இல் மஞ்சள் மாத்திரை சாப்பிட்ட பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்து, அரசே எச்சரிக்கை விட்டது. ரசத்தில் தட்டிப்போடும் மிளகைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். பேச்சு பிழிந்தெடுத்த சத்தைப் பற்றியது.

சரி, மூளைக்காவது பலன் உண்டா? கலிஃபோர்னியாவில் 40 பேரிடம் 18 மாதம் நடந்த சோதனையில், எளிதில் சேரும்படி செய்த குர்குமின் நினைவாற்றலைக் கூட்டியதாக 2018-இல் எழுதினார்கள். விற்பவர்கள் அதைத்தான் சொல்வார்கள். அல்ஸைமர் வந்தவர்களிடம் 24 வாரம் கொடுத்துப் பார்த்து ஒன்றும் கிடைக்காத 2012 ஆய்வைச் சொல்ல மாட்டார்கள். குர்குமினின் பங்காளியான கோகோச் சத்தை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களுக்கு மூன்று வருடம் கொடுத்தார்கள். நினைவுத்திறன் தேர்வுகளில் மாற்றமில்லை. நாற்பது பேர் நம்பிக்கைக்குப் போதும், மாதச் செலவுக்குப் போதுமா என்பது என் வியாபாரப் புத்தி.

டாக்டரம்மா டப்பாவை ஒதுக்கிவிட்டு, "உங்களுக்குக் காது எப்படிக் கேக்குதுங்க?" என்றார். நான், "என்னங்க?" என்றேன்.

2024-இல் லான்செட் மருத்துவ இதழின் குழு, மறதி நோய்க்கு மாற்றக்கூடிய 14 காரணங்களை வரிசைப்படுத்தியது. காது மந்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, அசையாத உடம்பு, தனிமை எல்லாம் அதில் வரும். அனைத்தையும் கவனித்தால் உலகில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ இடமுண்டாம். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. மாத்திரையை யாருக்கும் தெரியாமல் விழுங்கலாம். காது மிஷினை மாட்டிக்கொண்டு மண்டி ஏலத்துக்குப் போனால் ஊரே பார்க்கும். மறதி பயத்தைவிட எனக்குக் கிழவன் என்ற பெயரின் பயம் பெரிதாக இருந்திருக்கிறது.

மாட்டிக்கொண்டேன். ஏலத்தில் என் காதுபடவே என்னைக் கிண்டல் செய்துவந்தது இப்போது தெரிகிறது. மாத்திரையை விட்டாயிற்று. பெயர் மறந்தால் இன்றும் வயிறு கலங்கத்தான் செய்கிறது. அந்த நேரம் யாராவது புதிதாக ஒரு மாத்திரை பெயரைச் சொன்னால், விலை என்னவென்று கேட்டு வைத்துக்கொள்கிறேன்.