"இதுல ரெண்டாவது கியர் எங்க இருக்கு?"

போடிமெட்டிலிருந்து இறங்கத் தொடங்கி நாலைந்து வளைவு தாண்டியபோது அந்த வாடை வந்தது. ஏதோ கருகுகிற வாடை. வெளியே யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்து மகள் கண்ணாடியை ஏற்றினாள். பின்சீட்டில் பாட்டி மடியில் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"தாயி, அது நம்ம வண்டிதான். ஓரம் கட்டு" என்றார் அப்பா.

அவருக்கு 68 வயது. விடியுமுன் போடியில் பெண்களை ஏற்றி, ஏலத்தோட்டத்தில் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கூட்டிவரும் ஜீப்பை இருபது வருடங்களுக்கு மேல் ஓட்டியவர். இடது முட்டி தேய்ந்த பிறகு சாவியைக் கொடுத்துவிட்டார். ஆனாலும் லைசென்ஸைப் போன வருடம் புதுப்பித்தார். எதற்கு என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

மகளுக்குச் சென்னையில் வேலை. பொங்கலுக்குப் புது ஆட்டோமேட்டிக் காரில் வந்திருந்தாள். நால்வழிச்சாலையில் குரூஸ் கன்ட்ரோலை 80-ல் வைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து வந்ததைப் பெருமையாகச் சொன்னாள். மறுநாள் எல்லோரும் மூணாறு கிளம்பினார்கள்.

ஏறும்போதே ஓர் அறிகுறி தெரிந்தது. முந்தல் தாண்டியதும் 17 கொண்டை ஊசி வளைவுகள். நடுவில் கொஞ்சம் நேரான சாலை கிடைத்ததும் குரூஸ் பட்டனை அழுத்தினாள். கார் திடீரென்று அலறிக்கொண்டு பாய்ந்தது. எதிரே வளைவு. பிரேக்கை மிதித்துத் தப்பித்தாள்.

குரூஸ் கன்ட்ரோலுக்கு மலையும் தெரியாது, வளைவும் தெரியாது. கேட்ட வேகத்துக்கும் போகிற வேகத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் தெரியும். மேட்டில் வேகம் குறைந்தால் ஆக்ஸிலரேட்டரைத் திறக்கும். போதாதென்றால் கியர்பாக்ஸ் ஒன்றிரண்டு கியர் கீழே இறங்கும். அதுதான் அந்த அலறல். இறக்கத்தில் சாதாரண குரூஸ் பெட்ரோலைக் குறைக்கும், அவ்வளவுதான். வண்டி தன் எடையாலேயே வேகமெடுக்கும். பிரேக்கும் போடுகிற நவீன வகைகள் உண்டு. அவை முன்னால் போகும் வண்டியைப் பார்க்கும். கொண்டை ஊசி வளைவை அவை கவனிக்கும் என்று நம்பக் கூடாது.

இதைக் கண்டுபிடித்தவர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர். சிறுவயதிலேயே பார்வை இழந்தவர். 1950-ல் காப்புரிமை கிடைத்து, 1958-ல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் வந்தது. அது நீண்ட, நேரான சாலைக்குத்தான் பொருந்தும். போடிமெட்டுக்கு அல்ல.

ஓரம் கட்டியதும் மகள் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். "சக்கரத்துல ஊத்திராத. சூட்டுல இரும்பு கோணிக்கும். தானா ஆறட்டும்."

அவள் செய்தது எல்லோரும் செய்வதுதான். கியரை 'டி'-யில் விட்டுவிட்டு, காலைப் பிரேக்கிலேயே வைத்து இறங்கினாள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுத்தால், 'வேலை குறைந்துவிட்டது' என்று நினைத்துப் பல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுகள் மேல் கியருக்குப் போய்விடும். சரிவை உணர்ந்து கீழ் கியரைப் பிடிப்பவையும் உண்டு. ஆனால், எல்லாச் சரிவுக்கும் அது போதாது. மேல் கியரில் எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. மொத்த பாரமும் பிரேக்கில் விழும். சூடு ஏற ஏறப் பிரேக்கின் பிடி குறையும். பழைய பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருந்தால், அது சீக்கிரமே கொதித்துக் குமிழி கட்டும். அப்போது பெடல் பஞ்சுபோல உள்ளே போகும்.

அப்பா எதுவும் பேசாமல் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2022 டிசம்பரில் சபரிமலையிலிருந்து திரும்பிய கார் குமுளி மலைச்சாலையில் கவிழ்ந்து ஆண்டிபட்டிப் பக்கத்து ஆட்கள் 8 பேர் இறந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "ஏறுன கியர்லதான் இறங்கணும். இதுல ரெண்டாவது கியர் எங்க இருக்கு?"

மகளுக்குத் தெரியவில்லை. டேஷ்போர்டிலிருந்து, பிரிக்கவே பிரிக்காத கையேட்டை எடுத்தாள். 'டி'-யிலிருந்து லீவரை இடதுபக்கம் தள்ளினால் 'எம்'. அதில் மைனஸ் பக்கம் தட்டினால் கியர் குறையும். சில கார்களில் 'எல்' என்றோ, 'எஸ்' என்றோ இருக்கும். செங்குத்தான, வளைவான சாலையில் குரூஸ் வேண்டாம் என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருந்தது.

ஏ.எம்.டி. கார்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 2014-ல் செலேரியோ மூலம் இந்தியாவில் பரவிய இந்த வகையில், உள்ளே இருப்பது சாதாரண கிளட்ச்தான். மேட்டில் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தே வண்டியைப் பிடித்து வைத்தால் கிளட்ச் கருகும். ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தி, நகரும்போது விடுவதுதான் முறை.

அரை மணி நேரம் கழித்துப் புறப்பட்டார்கள். 'எம்' இரண்டு. எஞ்சின் உறுமியது. மகள் பயந்து பார்த்தாள். "கத்தட்டும். அதுதான் பிடிச்சிருக்குன்னு அர்த்தம்" என்றார் அப்பா. வளைவுக்கு முன்னால் மட்டும் ஓர் அழுத்து, உடனே விடு. முந்தல் வரும்வரை வாடையே இல்லை.

சமதளம் வந்ததும் டீ குடிக்க நிறுத்தினார்கள். அப்பா காரைச் சுற்றி வந்து, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்தார்.

"இதுல இடது காலுக்கு வேலையே இல்லையில்ல தாயி?"

மகள் சாவியை நீட்டினாள்.